வெறும் சந்தூக்கு வந்த வெள்ளிக்கிழமை

மகனே, உன் கடிதம் வந்து இன்றைக்குப் பதினாலு நாள். பதிலைக் காணவில்லையே என்று நீ அங்கே தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய். நான் வேண்டுமென்றேதான் பிந்தினேன். நீ கேட்டதற்கு ஆமென்று எழுதுவதா இல்லையென்று எழுதுவதா என்பது என் கையில் மட்டும் இருக்கவில்லை. நேற்று ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகுதான் அது தெரிந்தது. இப்போது எழுதுகிறேன். நான் சின்ன வயதில் லெவ்வை வீட்டில் ஓதப் போனபோது பழகிய அறபெழுத்தில்தான் எனக்குத் தமிழ் எழுத வரும் என்பது உனக்குத் தெரியும். பிழை இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் திருத்துவது போலச் சிவப்பு மை எடுக்காதே. வாசித்து விளங்கிக்கொள்.

உன் கடிதத்தில் இரண்டு சேதி இருந்தது. ஒன்று, உன் மாமாவின் கதிரை. போன மாதம் என் கூடப்பிறந்த காக்கா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்ததால், பள்ளிவாசல் சபையில் இருந்து ஊர் வழக்குத் தீர்க்கிற நம் குடிக்குரிய மரைக்கார் இடம் வெறுமையாகிவிட்டது. குடி என்பது நம் பக்கத்தில் உம்மாவின் வழி வருவதால், அந்த இடத்துக்கு உன்னைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நீயும் மாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து இருக்கப்போகிறேன் என்கிறாய். இரண்டாவது, வட்டைவிதானையின் சேதி. நம் வயல்வெளிக்கெல்லாம் தண்ணீர் முறை பிரித்துக் கொடுக்கிற அந்தப் பெரிய மனிதன் ஹஜ்ஜுக்குப் போகிறான். வீடுவீடாகப் போய்ப் பொறுதி கேட்டுக்கொண்டிருக்கிறான். நம் வீட்டுக்கும் வருவான், வந்தால் ‘பொறுத்துவிட்டேன்’ என்று சொல்லிவிடுங்கள் உம்மா என்று நீ எழுதியிருந்தாய். அப்படிச் சொன்னால் என் மனதுக்கு அமைதி வரும் என்றாய். நீ படிப்பிக்கிற ஊரிலும் சனம் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்துக்கொண்டு திரிகிறது, எல்லோரும் பழையதைச் சுமந்துகொண்டு நடந்தால் நாடு எங்கே போய் முடியும் என்றாய். விதானையை எல்லோரும் ‘அவர்’ என்கிறார்கள், நீயும் அப்படித்தான் எழுதியிருந்தாய். என் கைக்கு அது வரவில்லை.

நீ சொன்னது நல்ல பேச்சு. ஆனால் அமைதி என்றால் என்னவென்று நீ உன் மாமாவைப் பார்த்துப் படித்திருக்கிறாய் போல இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம் நீளப்போகிறது.

உனக்கு அப்போது பதினெட்டு வயது. எல்லாம் உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். உனக்குத் தெரிந்தது ஆண்கள் பக்கத்துக் கதை. என் பக்கத்தைக் கேள். அந்தக் கோடைப் போகத்தில் தண்ணீர் குறைவு. சந்தையில் நம் ஆட்களுக்கும் தமிழ் ஆட்களுக்கும் ஏதோ ஒரு மீன் பேரத்தில் கைகலப்பு வந்து, ஒருவருக்குத் தலை உடைந்தது. அந்தச் சூட்டோடு சூடாக விதானை ஒரு கட்டளை போட்டான். சொறிக்கல்முனைத் தமிழ் ஆட்களின் கண்டங்களுக்குத் தண்ணீர் முறை வந்தாலும் வாய்க்கால் பலகையைத் தூக்கக் கூடாது என்றான். உன் வாப்பாவின் வயலுக்கு அடுத்த வயல் கணபதிப்பிள்ளையுடையது. கதிர் பால்பிடிக்கிற நேரம். ஒரு முறை தவறினால் பதர்தான் மிஞ்சும். உன் வாப்பா பகல் பத்து மணிக்கு, எல்லோரும் பார்க்க, போய்ப் பலகையைத் தூக்கிவிட்டு வந்தார். வந்து கையைக் கழுவிவிட்டுச் சோறு கேட்டார்.

“என்ன செஞ்சிட்டு வாறயள்?” என்று கேட்டேன்.

“ஒண்டும் செய்யல்ல புள்ள. இண்டைக்கு அவன்ட முறை. முறையான தண்ணி போகுது.”

“விதானையார் சும்மா இரிப்பாரா?”

“அவருக்குத் தண்ணி பிரிக்கிற வேலதான் குடுத்திருக்கி, தண்ணி மறிக்கிற வேலயக் குடுக்கல்ல. கறி என்ன, சுங்கான் மீனா? இன்னும் கொஞ்சம் போடு.”

அவ்வளவுதான் மகனே. அந்தச் சோற்றைப் பிசைந்த கையை இப்போதும் பார்க்கிறேன். அதில் ஒரு நடுக்கமும் இல்லை. மன அமைதி என்று நீ எழுதியிருந்தாயே, நான் என் கண்ணால் கண்டது அது ஒன்றைத்தான்.

விதானை இதைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனான். ஜும்ஆ முடிந்து, முற்றத்தில் எல்லோர் முன்னாலும் நின்று ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்கும் வரைக்கும் இந்த வீட்டோடு ஊருக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று மரைக்கார்மார் தீர்த்தார்கள். உன் வாப்பா கேட்கவில்லை. நாசுவன் வரவில்லை, வண்ணான் வரவில்லை, கல்யாண வீட்டுக்குச் சொல்லவில்லை. கிணற்றடியில் நான் போனால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். இதெல்லாம் எனக்கு வலித்தது, ஆனால் பொறுத்தேன். மூன்று மாதத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் காலையில் போய்விட்டார். நீ பள்ளிவாசலுக்கு ஓடினாய். அவரை வைத்துத் தூக்கிப்போக ஊர்ச் சந்தூக்குக் கேட்டாய். என்ன சொன்னார்கள் என்று வீட்டுக்கு வந்து நீ என்னிடம் சொல்லவில்லை, சுவரோடு முகத்தை வைத்துக்கொண்டு நின்றாய். நான் பிறகு விசாரித்து அறிந்தேன். விதானை சொன்னானாம், “மன்னிப்புக் கேக்காத வீட்டுக்கு ஊருட சந்தூக்கு வராது. அவன்ட கூட்டாளி கணவதியக் கொண்டு தூக்கச் சொல்லு.” மையித்தைக் கொண்டுபோகிற சந்தூக்கு ஊர்ப் பொதுச் சொத்து மகனே. கொலைகாரன் செத்தாலும் அவன் வாசலுக்கு வரும். உன் வாப்பாவுக்கு மட்டும் வரவில்லை.

குளிப்பாட்டவும் ஆள் வரவில்லை. நானும் நீயும்தான் அவரைக் குளிப்பாட்டினோம். வீட்டு முன்கதவை நீ கழற்றினாய். அந்தக் கதவில் அவரை வைத்துத் தூக்கியவர்கள் நால்வர். நீ, விதானையின் ஏளனத்தைக் கேள்விப்பட்டு வேண்டுமென்றே வந்த கணபதிப்பிள்ளை, அவருடைய தம்பி, மையவாடியில் குழி வெட்டுகிற கிழவர். வேலிக் கடப்படி வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு அகலம், பாதை ஒடுக்கம். வேலிக் கம்பில் முட்டி முட்டிப் போனீர்கள். திரும்பி வந்து அந்தக் கதவை மறுபடியும் நீ மாட்டினாய். ஏழு வருஷமாக நான் அதைத்தான் திறக்கிறேன், அதைத்தான் சாத்துகிறேன். ஒவ்வொரு முறை கை வைக்கும்போதும் எனக்கு அவன் பெயர் நாக்கில் வரும். நீ என்னை அமைதியாக இரு என்கிறாய்.

இனி உன் மாமாவைச் சொல்கிறேன். அந்தத் தீர்ப்புச் சொன்ன சபையில் என் கூடப்பிறந்த காக்கா இருந்தார். ஊரிலேயே சாந்தமான மனிதர் என்று எல்லோரும் சொல்கிற ஆள். கோபத்தில் குரல் உயர்ந்ததை நான் கேட்டதே இல்லை. சந்தூக்குத் தர மாட்டோம் என்று விதானை சொன்னபோது உன் மாமா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாராம். கண்டவர்கள் சொன்னார்கள். ஒரு மணிகூட நிற்கவில்லையாம். அடக்கம் முடிந்த பின்னேரம் பின்பக்க வேலியால் நுழைந்து வந்து என் முன்னால் குந்தினார்.

“தங்கச்சி, மனச அமைதியா வெச்சிக்க. ஊரோட பகைச்சி நாம என்னத்தக் காணப் போறம்? நான் அண்டைக்கே ஒண்டும் கதைக்கல்ல, கதைச்சா இன்னும் பெரிசாகிரும் எண்டுதான்.”

“நீங்க கதைக்காம இரிந்ததாலதான் காக்கா, அவரு கதவுல போனாரு.”

“எல்லாம் அல்லாட நாட்டம் புள்ள.”

“அல்லாட தலயில போடாதங்க. கதிரயில இரிந்தது நீங்க. எழும்புங்க, வந்த வேலியாலயே போங்க.”

அதன் பிறகு நான் அவரோடு கதைத்ததில்லை. போன மாதம் அவருடைய மையித்தைத் தூக்குவதற்கு முன், உன் மச்சான் முற்றத்தில் நின்று, தன் வாப்பாவால் யாருக்காவது மனம் நொந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டானே, ஆண்களெல்லாம் பொறுத்தோம் பொறுத்தோம் என்றார்களே, உள்ளே பெண்களோடு இருந்த நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இப்போதும் மூடித்தான் இருக்கிறேன். இதைப் படித்து நீ முகம் சுளிப்பாய். சுளி. அவருடைய கதிரையில்தான் நீ போய் இருக்கப்போகிறாய். அந்தக் கதிரையின் சூடு உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் ஒரு பிழையும் செய்யாதவள் என்று நினைக்காதே. நான் செய்ததை உனக்கு மட்டும் சொல்கிறேன். வாப்பாவை அடக்கிய நாளிலிருந்து ஐந்து நேரத் தொழுகைக்குப் பிறகும் கையை ஏந்தி நான் ஒரு ஆளின் பெயரைச் சொல்லிக் கேடு கேட்டேன். அது விதானையின் பெயர் என்று நினைக்கிறாயா? இல்லை. அவனுடைய பெண்சாதியின் பெயர். அவனைக் கேட்டால் சீக்கிரம் செத்துத் தப்பிவிடுவான், பெண்சாதியை இழந்து தனிமையில் கிடந்து வேகட்டும், நான் வேகிறது போல என்று நினைத்தேன். அதோடு அவள் மேலும் எனக்குக் கோபம். அந்த மூன்று மாதமும் கிணற்றடியில் மற்றப் பெண்கள் நகர்ந்து போகும்போதாவது என் முகத்தைப் பார்த்தார்கள். அவள் ஒரு நாளும் தலை நிமிர்த்தவில்லை. விதானை பெண்சாதி என்கிற பெருமை என்று நினைத்தேன். மூன்று வருஷம் கேட்டேன் மகனே. அவள் மௌத்தானாள்.

அதற்குள் ஊர் விலக்கு மெதுவாகத் தேய்ந்துவிட்டது. யாரும் எடுத்துவிடவில்லை, மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். உன் வாப்பாவைக் குளிப்பாட்டிக் கைப்பழக்கம் வந்ததால் ஏழை வீட்டுப் பெண் மையித்துகளுக்கு என்னைக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். விதானை வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. வழக்கமாகக் குளிப்பாட்டுகிறவள் காய்ச்சலாய்க் கிடந்தாளாம். நான் போனேன். துக்கத்தில் போகவில்லை. வெற்றியில் போனேன். என் துஆ கேட்கப்பட்டது என்று உள்ளுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். முதல் வாளித் தண்ணீரை மையித்துக்கு வார்ப்பது போல வார்க்கவில்லை, கல்லில் அடிப்பது போல அடித்தேன். பிறகு சட்டையை நீக்கினேன்.

அங்கே நான் என்ன பார்த்தேன் என்று உனக்கு எழுத மாட்டேன். குளிப்பாட்டுகிறவள் கண்டதைக் கபன் துணியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும், அது அந்த மையித்தின் மானம். ஆனால் அவள் ஏன் ஒரு நாளும் தலை நிமிர்த்தவில்லை என்று எனக்கு அப்போது விளங்கியது. மூன்று வருஷமாக நான் யாருக்குக் கேடு கேட்டேன் என்றும் விளங்கியது. அடித்த கையால் தடவித் தடவி வார்த்தேன். அவள் காதுக்குள் குனிந்து பொறுதி கேட்டேன். மையித்து பதில் சொல்லுமா? சொல்லவில்லை. அந்தப் பதிலுக்காக நான் இன்றைக்கும் நிற்கிறேன். மறுமையில்தான் கிடைக்கும், கிடைத்தால்.

அன்றைக்கு எனக்கு இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, என் கோபத்துக்குக் கண் இருக்க வேண்டும் என்கிற புத்தி. கண்ணைக் கட்டிக்கொண்டு எறிந்தால் அது பக்கத்தில் நிற்கிற பாவப்பட்டவள் மேல்தான் விழும். நீ எழுதினாயே, நாடு முழுக்கச் சனம் ஒன்றையொன்று முறைக்கிறது என்று. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. சந்தையில் ஒருவன் தலை உடைந்ததற்கு வயலில் கிடந்த கணபதிப்பிள்ளையின் நெல்லைக் காயப்போட்டானே விதானை, அதுவும் இதுதான். நானும் அதையேதான் செய்தேன். மற்றது ஒரு கத்தி. அந்த வீட்டுக்குள் நடந்தது ஊருக்குத் தெரிந்தால் விதானைக்கு ஊரில் தலை இருக்காது. அது என் வாயில் இருந்தது. நாலு வருஷம் அதை நான் எடுக்கவில்லை. பயத்தினால் அல்ல. அது அவளுடைய மானத்தில் செய்த கத்தி. அவனைக் குத்த வேண்டுமென்றால் அவளைத்தான் முதலில் கிழிக்க வேண்டும். ஆனால் ஆசை இருந்தது மகனே, மறைக்க மாட்டேன். பள்ளிவாசல் பக்கத்தால் வெள்ளைத் தொப்பியோடு அவன் போவதைக் காணும்போதெல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டுப் போகும்.

பதினாலு நாளுக்கு முன், உன் கடிதம் வந்த அன்றே, அவனும் வந்தான். ஊரெல்லாம் முடித்துவிட்டுக் கடைசி வீடாக நம் வீடு. கூட வந்தவர்களைப் பாதையில் நிறுத்திவிட்டுத் தனியே உள்ளே வந்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“புள்ள, பயணம் போறன். கப்பல் ஏறினா வாறது போறது அல்லாட கையில. தெரிஞ்சும் தெரியாமயும் செஞ்சதெல்லாம் பொறுத்துக்கங்க.”

“தெரியாமச் செஞ்சது எது, தெரிஞ்சி செஞ்சது எது, பிரிச்சிச் சொல்லுங்க விதானையார். முறை பிரிக்கிற ஆள்தானே நீங்க.”

அவன் பாதைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்டைக்கு எங்கட வீட்டுல குளிப்பாட்டினது நீங்கதானே,” என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் உன் வாப்பாவுக்காக வரவில்லை. அந்த நாலு வருஷமும் அவனும் என் வாயைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். எனக்குச் சந்தோசமாக இருந்தது. நாலு வருஷம் அவன் பயந்தான் என்பது எனக்குச் சீனி போல இனித்தது.

“அந்தத் தண்ணி மண்ணுக்குள்ள போயிட்டு. நான் கண்டது ஒண்டும் வெளிய வராது, இண்டைக்கும் வராது, உங்கட மௌத்துக்குப் பொறகும் வராது. அது உங்களுக்காக இல்ல, அவவுக்காக. அதுக்கு நீங்க அவகிட்டத்தான் பொறுதி கேக்கோணும். இனி என்ட பங்குக்கு வாங்க. இந்தக் கதவப் பாருங்க. இதுல என்ன போச்சு எண்டு தெரியுமா?”

அவன் பார்க்கவில்லை. நான் விடவில்லை. “பாருங்க” என்றேன். பார்த்தான்.

“ஒரு சொல்லுத்தானே கேக்கிறன் புள்ள.”

“சொல்லு நாக்குல இரிக்கி. ஆனா சும்மா வராது. அண்டைக்கு வராத சந்தூக்க இந்த வாசலுக்குக் கொண்டாங்க. பள்ளியில இருந்து, ஜும்ஆ முடிஞ்சி சனம் வெளிய வரக்குள்ள, பகல்ல, உங்கட தோளுல. ஆருக்கு எண்டு கேட்டா என்ட புருசன்ட பேரச் சொல்லோணும். கொண்டந்து வெச்சா நான் பொறுக்கிறன்.”

“வெறுஞ் சந்தூக்கயா? என்னப் பைத்தியம் எண்டு சொல்லுவாங்க!”

“அவரு ஊரு முன்னால நிண்டு மன்னிப்புக் கேக்கோணும் எண்டு சொன்னது நீங்கதானே. அவருக்கு உங்களப் போல ஊருக்குப் பயமில்ல, கேக்கல்ல. உங்களுக்கு எது பெரிசு, ஊரா கப்பலா, யோசிச்சிச் சொல்லுங்க.”

அவன் போன பிறகு பக்கத்து வீட்டுச் சவுதா வந்துவிட்டாள். ஊரில் எந்த வேலிக்கும் அவள் காது இருக்கிறது. “ஒரு சொல்லுத்தானே மச்சி, சொல்லிப்போட்டு அனுப்பன்கா. அந்த மனிசன் மக்கத்துக்குப் போகுது. ஒன்னால தடை வந்தா ஒனக்குப் பாவமில்லையா?” என்றாள். “அவரு மையவாடிக்குப் போகக்குள்ள தடை வந்ததே, அண்டைக்கு நீ குடத்தத் தூக்கிட்டு நகர்ந்தியே, அது பாவமில்லையா?” என்று கேட்டேன். சவுதா வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு வேறு கதை கதைத்தாள்.

முதல் வெள்ளிக்கிழமை சந்தூக்கு வரவில்லை. அவனுடைய மூத்த மகன் வந்தான். வாப்பா ஏழைகளுக்கு ஒரு மாட்டை அறுத்துப் பங்கு வைக்கிறாராம், உங்கள் புருஷன் பேரில் கத்தம் ஓதுவிக்கிறாராம், இதை விட்டுவிடுங்கள் என்றான். “மாட்டுக்கு என்ன தம்பி தோள் இரிக்கி சந்தூக்குத் தூக்க?” என்று கேட்டு அனுப்பினேன். மரைக்கார்மாரிடமிருந்தும் சொல்லி வந்தது, இதெல்லாம் பொம்பிளை பிடிவாதம் என்று. என் உடம்பில் அந்தக் கிழமை முழுக்க ஒரு தெம்பு இருந்தது. உன் வாப்பா போன பிறகு நான் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கிய கிழமை அதுதான். யாரையும் ஏமாற்றாமல், யார் மேலும் பொய்க்கு இரங்காமல், எனக்கு வேண்டியதை இன்னதென்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அதன் அளவும் சரியாக இருந்தது. சந்தூக்குக்குச் சந்தூக்கு. அதற்கு மேல் ஒரு துரும்பும் இல்லை. அந்தக் கணக்கு நேராக நின்றதால்தான் தூக்கம் வந்தது என்று நினைக்கிறேன்.

நேற்று இரண்டாவது வெள்ளிக்கிழமை. வருகிற புதன்கிழமை அவன் கொழும்புக்குப் போக வேண்டும். நான் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டாமல் இருந்தேன். சவுதா ஓடி வந்தாள், சீலைத் தலைப்பு தெருவில் இழுபட.

“மச்சி, தூக்கிட்டாரு! மெய்யாத்தான் தூக்கிட்டாரு! முன்னுக்கு வலப் பக்கம் அவரு, மத்தப் பக்கம் பெரிய மகன், பின்னால சின்ன மகனும் மோதினும். பெரிய மகன் முகத்தப் பாக்கேலா, கருகிப் போய் இரிக்கி. சந்தி முழுக்கச் சனம். மீன்காரன் சைக்கிள நிப்பாட்டிட்டுக் கேட்டான், ‘விதானையார், ஆருக்கு மௌத்து?’ எண்டு.”

“என்ன சொன்னாரு?”

“நாலு அடி நடந்தாரு. பொறகு சொன்னாரு, ‘இஸ்மாலெவ்வைக்கு.’ மீன்காரன் முழிச்சிட்டான். ‘அவரு மௌத்தாகி ஏழு வருசமாச்சே!’ எண்டான். ‘அண்டைக்குப் போகல்ல. இண்டைக்குப் போகுது’ எண்டாரு மச்சி. சந்தியில நிண்ட சனமெல்லாம் பின்னால வருகுது.”

நான் எழும்பிக் கடப்படிக்குப் போனேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆனால் வேலிக்குப் பின்னால் ஒளியாமல் நின்றேன். அந்த ஒழுங்கை வளைவில் சந்தூக்கு வந்தது. நீங்கள் அன்று கதவை முட்டி முட்டிக் கொண்டுபோன அதே ஒழுங்கை. சந்தூக்கு ஒடுக்கம், முட்டாமல் வந்தது. அவனுக்கு அறுபது தாண்டிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தொப்பி நனைந்து நெற்றியில் இறங்கியிருந்தது. இரண்டு தரம் தடுக்கினான், மகன் தோள் மாற்றச் சொன்னான், மாற்றவில்லை. பின்னால் ஊர் வந்தது. உன் வாப்பாவுக்கு வந்திருக்க வேண்டிய சனம் அது. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவன் வியர்த்ததைப் பார்க்க எனக்கு இனித்தது. இன்னும் கொஞ்சம் தூரமாக நம் வீடு இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

முற்றத்தில் கதவுக்கு முன்னால் இறக்கச் சொன்னேன். இறக்கினார்கள். அவன் நிமிர முடியாமல் தொடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். “கொஞ்சம் தண்ணி புள்ள” என்றான். உள்ளே போய்ச் செம்பு நிறைய மொண்டு வந்து, எல்லோரும் பார்க்க நீட்டினேன்.

“குடிங்க. இந்த வீட்டுல தண்ணி மறிக்கிறல்ல.”

அவன் செம்பை வாங்கினான். குடிக்கவில்லை. அந்தச் சொல் போய்ச் சேர்ந்த இடத்தை நான் கண்டேன். செம்பு சரிந்து தண்ணீர் அவன் காலில் சிந்தியது. பிறகு குடித்தான். முழுக்கக் குடித்தான். அழுகை வந்து தண்ணீரோடு சேர்ந்து போனது. அப்போது சொன்னேன், “என்ட பங்க நான் பொறுத்திட்டன். அவர்ர பங்கு அவருக்கிட்ட. போயிட்டு வாங்க.” கேட்ட விலை வந்த பிறகு சரக்கைப் பிடித்து வைப்பது நம் வீட்டு வழக்கமில்லை. அந்தச் சொல் வாயைவிட்டுப் போனபோது நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன். லேசாகவில்லை. ஆனால் கதவில் கை வைத்தால் இனி அவன் பெயர் வராது என்று தெரிந்தது. வேறு பெயர் வரும், வரவேண்டிய பெயர்.

சந்தூக்கைத் திரும்பத் தூக்கப் போனார்கள். அஸர் தொழுகை வரைக்கும் இருக்கட்டும் என்றேன். ஊர் கலைந்து போனது. நான் பக்கத்தில் இருந்து அதன் கம்புகளைத் துடைத்தேன். உள்ளே கையை நீட்டி அளந்து பார்த்தேன். அவருக்கு நீளம் காணும். தாராளமாகக் காணும். காலும் வெளியில் நீட்டியிருக்காது. கதவில் அவருடைய கால் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது மகனே, நீ முன்னால் தூக்கினதால் காணவில்லை. நான் கண்டேன். ஏழு வருஷம் நான் அழாத அழுகையை அந்தச் சந்தூக்குக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். அஸர் பாங்கைச் சொல்லிவிட்டு மோதின் வந்து கொண்டுபோனார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கதிரையில் இரு. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நல்லவன் விலகி வீட்டில் இருந்தால் அந்தக் கதிரையில் இன்னொரு தஸ்பீஹ் மணி வந்து இருக்கும். ஊர் கெட்டுத்தான் கிடக்கிறது, இன்னும் கெடும். இப்போது கட்டுகிற புதுக் குளத்துத் தண்ணீர் வந்தால் புதுச் சண்டை வரும். உன்னோடு கதிரையில் இருப்பவர்களைப் பார்த்து உனக்கு ரத்தம் கொதிக்கும். கொதிக்கட்டும், அதை ஊதி அணைக்காதே. ஆனால் யார் மேல் என்று பார்த்துக்கொள். உம்மா போல மூன்று வருஷம் பிழையான பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு மையித்தின் காதில் குனியாதே. உனக்குத் தர வேண்டியது என்ன என்று தெளிவாகக் கேள், அதைக் கேட்டு வாங்கு, வாங்கிய பிறகு விடு. உன் வாப்பா பலகையைத் தூக்கிவிட்டு வந்து சுங்கான் கறியை இன்னும் கொஞ்சம் போடு என்றாரே, அந்தப் பசி உனக்கு ஒவ்வொரு சபை முடிந்தும் வர வேண்டும். வரவில்லையென்றால் அன்று நீ பேச வேண்டியதைப் பேசவில்லை என்று அர்த்தம்.

ஒரு நாள் வரும். நம் ஆளின் வீடோ, கணபதிப்பிள்ளையின் ஆட்கள் வீடோ, ஊருக்குப் பிடிக்காத ஏதாவது ஒரு வீட்டுக்கு ஏதாவது ஒன்றை மறிக்கச் சொல்லி அந்தச் சபையில் யாராவது சொல்வான். எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த நேரத்தில் நீ எழும்பு. தனி ஆளாக என்றாலும் எழும்பு. வாயில் சொல் வராவிட்டால் போய்ச் சந்தூக்குக்குத் தோளைக் கொடுத்துக்கொண்டு நில், அது போதும்.

நீ எழும்பாமல் மணி உருட்டிக்கொண்டிருந்தாய் என்று என் காதில் விழுந்தால், மகனே, நான் உன்னைப் பெற்றவள்தான், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். பிறகொரு நாள் என் மையித்து இந்த வீட்டிலிருந்து போகும்போது ஊர்ச் சந்தூக்கு வந்து வாசலில் நிற்கும். நான் அதில் போக மாட்டேன். முன்கதவைக் கழற்றச் சொல்லிச் சவுதாவிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் உம்மா.